மணல்தான் மதில்: கெருடோ கோட்டை, கோயில், ஊர்

கேள்வி சுருக்கமாக இதுதான்: செல்டா விளையாட்டுகளில் பாலைவனத்தின் நடுவே பெண்கள் ஆளும் ஒரு புனிதக் கோட்டை நகரம் உண்டு என்று கேள்விப்பட்டு ஆட ஆரம்பித்தேன். ஒன்றில் கோட்டை இருக்கிறது, ஊர் இல்லை. இன்னொன்றில் ஊர் இருக்கிறது, கோயிலைக் காணோம். இதெல்லாம் ஒரே இடமா, வேறு வேறா? எதை ஆடினால் அந்த நகரத்தை முழுசாகப் பார்க்கலாம்?

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. அந்தப் பாலைவனப் பெண்கள் இனத்துக்குப் பெயர் கெருடோ. ஆனால் கோட்டை, கோயில், ஊர் என்ற மூன்றையும் செல்டாவை உருவாக்கும் நிண்டெண்டோ ஒரே நேரத்தில் கட்டவில்லை. 1998-இல் கோட்டையும் கோயிலும் வந்தன. 2006-இல் மக்கள் காணாமல் போய்க் கட்டடம் மட்டும் மிஞ்சியது. 2017-இல் ஊர் வந்தது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது 2023-இல்தான், அதுவும் கதையின் ஒரு பகுதியில் மட்டும். இந்த இருபத்தைந்து வருடத்தில் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: உள்ளே போக உனக்கு என்ன தகுதி என்று கேட்கும் குணம். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கீழே கதை முடிச்சுகளை அவிழ்த்துத்தான் எழுதப்போகிறேன், புதிதாக ஆடுபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘ஆக்கரீனா ஆஃப் டைம்’. நிண்டெண்டோ 64 கருவியில் 1998-இல் வந்தது. கதை நடக்கும் நாடான ஹைரூலின் சமவெளிக்கு மேற்கே போனால் ஒரு பெரிய பள்ளத்தாக்கு, கீழே ஆறு, குறுக்கே ஒரு பாலம். கதாநாயகன் லிங்க் வளர்ந்த பிறகு போனால் பாலம் அறுந்து கிடக்கும். குதிரையில் தாவ வேண்டும், அல்லது நீளக் கொக்கிச் சங்கிலியை எறிந்து தாண்ட வேண்டும். அந்த இடத்தில் ஒலிக்கும் இசையை கோஜி கோண்டோ ஃபிளமெங்கோ பாணியில், கிடாரும் கைத்தட்டலுமாக அமைத்திருக்கிறார். விளையாட்டை முடித்துப் பல வருடம் ஆனவர்களுக்கும் அது மறக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தச்சர் கூடாரம். மேஸ்திரி புலம்புகிறார்: தன்னிடம் வேலை பார்த்த நான்கு பேர் கெருடோக் கூட்டத்தில் சேரப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார்களாம்.

தாண்டி உள்ளே போனால் தெரிவது கெருடோ கோட்டை. இதை நகரம் என்று சொல்ல முடியாது. மலைச்சரிவில் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி அடுக்கியது போன்ற மண்நிற அறைகள், அவற்றை இணைக்கும் இருட்டு நடைகள், எல்லா மூலையிலும் ஈட்டியோடு ஒரு காவல்காரி. கடை கிடையாது, குழந்தைகள் கிடையாது, கிணற்றடி கிடையாது. அங்கே யாரும் குடித்தனம் நடத்துவதாகவே தோன்றாது. பாசறை என்றால் பொருந்தும்.

காவல்காரி கண்ணில் பட்டால் சண்டை எதுவும் இல்லை. பிடித்துக் குழிச் சிறையில் போட்டுவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால் உங்கள் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். மேலே ஒரு சன்னல், அதில் ஒரு மரச்சட்டம். கொக்கியை எறிந்து ஏறி வெளியே வந்துவிடலாம். எத்தனை தடவை பிடித்தாலும் அதே குழி, அதே சன்னல். அவர்கள் நம்மைச் சோதிக்கிறார்கள் என்பது எனக்கு இரண்டாவது முறை ஆடும்போதுதான் உறைத்தது. ஒளிந்து ஒளிந்து போய் நான்கு தச்சர்களையும் விடுவிக்க வேண்டும். ஒவ்வொருவரின் கூண்டுக்கும் இரட்டை வாள் வைத்த ஒருத்தி காவல். நான்கையும் முடித்ததும் ஒரு தலைவி வந்து, இவ்வளவு சாமர்த்தியமாக உள்ளே நுழைந்தவன் எங்களில் ஒருவனாக இருக்கலாம் என்று உறுப்பினர் அட்டை ஒன்றை நீட்டுகிறாள். அதுவரை தங்கள் அரசன் கேனன்டார்ஃப் தவிர ஆண்கள் யாரும் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்திருந்தாளாம். அந்த நொடியிலிருந்து அதே காவல்காரிகள் சிநேகமாகப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம்தான் அந்த இடம் திறக்கிறது. குதிரைமேல் இருந்து அம்பெய்யும் போட்டி இருக்கிறது. 1000 புள்ளி எடுத்தால் ஒரு பரிசு, 1500 எடுத்தால் இன்னொன்று. சாவி தேடி அலையும் பயிற்சிக்கூடம் இருக்கிறது, அதன் நடுவே பனி அம்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், கோட்டையின் மறுபக்கத்தில் உள்ள பெரிய வாசலை உங்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் பாலைவனம். அதற்கும் அப்பால் கோயில்.

கோட்டை ஊரைக் காப்பதற்காகக் கட்டப்பட்டதாகத் தெரியவில்லை. காக்க ஊரே இல்லையே. அது உட்கார்ந்திருப்பது கோயிலுக்குப் போகும் பாதையின் வாயில். கோயிலின் முதல் பிராகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பிராகாரம் அந்தப் பாலைவனம்.

அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தொடர் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம் அது. வாசலைத் தாண்டினதும் மணல் ஆறு ஒன்று குறுக்கே ஓடும். கால் வைத்தால் விழுங்கிவிடும். கொக்கியாலோ மிதக்கும் காலணியாலோ தாண்டலாம். பிறகு காற்றில் மணல் பறந்து நாலடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. கம்பங்களில் கட்டிய கொடிகள் வரிசையாக இருக்கும். ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடி மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். தவறிப் போனால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். கொடிகள் முடியும் இடத்தில் ஒரு சின்னக் கல் கட்டடம். அதற்குமேல் கொடி கிடையாது. உண்மையைக் காட்டும் மாயக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தால்தான் அங்கே ஒரு ஆவி நிற்பது தெரியும். அது முன்னால் போகும், நாம் பின்னால் போக வேண்டும். அது நேராகப் போவதும் இல்லை. வளைந்து நெளிந்து, சில சமயம் நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். அதை நம்பினால் கோயில், நம்பாவிட்டால் மறுபடி முதல் கொடி.

நிஜ உலகில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு ஜோடி உண்டு. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சிவா என்ற சோலையில் அமுன் தெய்வத்தின் குறி சொல்லும் கோயில் ஒரு பாறைக்குன்றின்மேல் இருந்தது. கிமு 331-இல் அலெக்சாண்டர் அங்கே போனபோது மணலில் வழி தவறியதாகவும், இரண்டு காகங்கள் வழிகாட்டியதாகவும் ஒரு கதை. அவருடைய தளபதி தாலமி சொன்ன கதையில் காகத்துக்குப் பதில் பேசும் பாம்புகள் இரண்டு. அதே கோயிலை நோக்கிப் பாரசீக மன்னன் காம்பிசஸ் அனுப்பிய 50,000 பேர் கொண்ட படையை மணற்புயல் விழுங்கிவிட்டது என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். படை வந்தால் மணல் மூடும், தகுதியுள்ளவன் வந்தால் ஏதோ ஒன்று வழிகாட்டும். நிண்டெண்டோக்காரர்கள் சிவாவை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பாலைவனக் கோயில் என்றாலே கதை இந்தத் தடத்தில்தான் ஓடும்போலிருக்கிறது.

நமக்கும் இது புதுசில்லை. பாலைத் திணைக்குக் கொற்றவை தெய்வம், எயினர் மக்கள், வழிப்பறி தொழில் என்று படித்தவர்கள்தானே நாம். மணலுக்கு ஒரு பெண்தெய்வம், அவளைச் சுற்றி வழிமறிக்கும் கூட்டம் என்று ஜப்பானில் யாரோ தற்செயலாக எழுதியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சரி, கோயில். ஆவிக் கோயில் என்று பெயர். மலையையே குடைந்து உட்கார்ந்த நிலையில் ஒரு மாபெரும் பெண் உருவம். மணலின் தெய்வம் என்று அழைக்கிறார்கள். மேலே பாம்பு ஒன்று சுற்றியிருக்கும், இரண்டு கைகளும் நீட்டியபடி இருக்கும். உள்ளே போனால் கோயில் இரண்டு பாதியாக இருக்கிறது. ஒரு பாதியில் சிறுவன் மட்டுமே நுழையக்கூடிய பொந்து. இன்னொரு பாதியில் வெள்ளிக் கையுறை போட்டவன் மட்டுமே தள்ளக்கூடிய பெரிய கல். அந்தக் கையுறையோ சிறுவன் பாதியில்தான் கிடைக்கும். ஆக, பெரியவனாக வந்து, திரும்பிப் போய், ஏழு வருடம் பின்னால் நகர்ந்து சிறுவனாக வந்து, மறுபடி பெரியவனாக வர வேண்டும். கையுறை சிலையின் ஒரு கையில் இருக்கிறது, கண்ணாடிக் கேடயம் மறு கையில். இரண்டையும் எடுக்கும்போது நீங்கள் கோயிலுக்கு வெளியே, அந்தத் தெய்வத்தின் உள்ளங்கையில் நிற்கிறீர்கள். இதைவிட நல்ல பிரசாதம் எந்த விளையாட்டிலும் நான் வாங்கியதில்லை.

கண்ணாடிக் கேடயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். பாலைவனத்தில் கணக்கில்லாமல் கிடைப்பது மணலும் வெளிச்சமும். மணலை மதிலாக்கியாயிற்று. வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி இருந்தால் அதுவே சாவி.

ஆனால் இந்தக் கோயில் அப்போது புனிதமாக இல்லை, அதுதான் கதை. கெருடோக்களுக்குள் நூறு வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு ஆண் பிறப்பான், அவன்தான் அரசன் என்பது அவர்கள் வழக்கம். அப்படிப் பிறந்தவன் கேனன்டார்ஃப். அவனை வளர்த்த கூமே, கோட்டாக்கே என்ற இரண்டு சூனியக்கிழவிகள் கோயிலில் இருக்கிறார்கள். கோயில் அவன் ஆட்களின் பதுங்கிடமாகிவிட்டது. இதை எதிர்ப்பவள் நபூரு. அவளும் திருடிதான், அதைப் பெருமையாகவே சொல்கிறாள். ஆனால் பெண்களிடமும் குழந்தைகளிடமும் திருடி, ஆட்களைக் கொல்லவும் செய்கிற கேனன்டார்ஃபோடு என்னைச் சேர்க்காதே என்கிறாள். அவள் கோயிலுக்கு வந்ததே அங்கிருக்கும் பொக்கிஷத்தைத் திருடி அவர்கள் திட்டத்தைக் கெடுக்கத்தான். கிழவிகள் அவளைப் பிடித்து, புத்தியை மாற்றி, இரும்புக் கவசத்துக்குள் அடைத்து நம்மோடு சண்டை போட வைக்கிறார்கள். கடைசியில் ஆவிக் கோயிலின் ஞானி ஆகிறவள் அவளேதான். திருட வந்தவளைக் கோயில் தன்னுடையவளாக ஆக்கிக்கொள்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. முதல் பதிப்பில் கெருடோச் சின்னம் பிறையும் நட்சத்திரமுமாக இருந்தது, கண்ணாடிக் கேடயத்திலும் கோயில் கற்களிலும். இஸ்லாமியச் சின்னத்தை ஒத்திருந்ததால் பின்னால் மாற்றினார்கள். நாகம் போலத் தோன்றும் புதுச் சின்னம் வந்தது. 2011-இல் வந்த 3டிஎஸ் பதிப்பிலும் புதியதுதான் இருக்கும். மாற்றியது சரிதான் என்பது என் கட்சி. ஒரு முழு இனத்தையும் திருடர்கள் என்று அறிமுகப்படுத்திவிட்டு அதன் கொடியில் நிஜ மதம் ஒன்றின் அடையாளத்தை வைப்பது கவனக்குறைவு. பழைய படங்களைப் பார்த்துவிட்டு உங்கள் பதிப்பில் சின்னம் வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

நடுவில் வந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். ‘மஜோராஸ் மாஸ்க்’கில் கெருடோக்கள் கடற்கொள்ளைக்காரிகள், அங்கே பாலைவனமே இல்லை. ‘தி விண்ட் வேக்கர்’ கடலுக்குள் மூழ்கிய உலகம். ஆனால் அதில் கேனன்டார்ஃப் ஓரிடத்தில் தன் நாட்டை நினைத்துப் பேசுவான். பகலில் எரிக்கும் காற்று, இரவில் ஊசியாய்க் குத்தும் குளிர்காற்று, இரண்டும் சுமந்து வந்தது சாவைத்தான், ஹைரூலின் பசுமைக்காற்றுக்கு நான் ஆசைப்பட்டேன் என்ற பொருளில். முன்னே ஆடிய கோட்டையையும் மணலையும் அந்தப் பேச்சுக்குப் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

2006-இன் ‘ட்வைலைட் பிரின்சஸ்’ தனி ரகம். கெருடோப் பாலைவனம் என்ற பெயர் இருக்கிறது, கேனன்டார்ஃபைத் தவிர ஒரு கெருடோகூடக் கிடையாது. எங்கே போனார்கள் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். பாலைவனத்தின் நடுவே நிற்பது ஒரு சிறை. ஹைரூல் தன் கொடுங்குற்றவாளிகளை அடைத்து வைத்த இடம். உள்ளே ஆவிகளும் எலும்புகளும் புதைமணலும். அதன் உச்சியில் ஒரு திறந்த வட்டமேடை, அங்கேதான் ஞானிகள் கேனன்டார்ஃபுக்கு மரண தண்டனை நிறைவேற்றப் போய், முடியாமல், ஒரு கண்ணாடியின் வழியாக வேறு உலகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மறுபடி கண்ணாடி, பார்த்தீர்களா? அந்த மேடையில் பாம்பு சுற்றிய ஒரு பெரிய சிலையும் இருக்கிறது. பழைய மணல் தெய்வத்தின் சாயல் அப்படியே. அதனால் இந்தச் சிறை பழைய ஆவிக் கோயில் இருந்த இடத்திலேயே கட்டப்பட்டது என்று ரசிகர்கள் பலர் சொல்வார்கள். விளையாட்டு அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அப்படி எடுத்துக்கொண்டு ஆடினால் அந்த இடத்தின் வெறுமை இன்னும் கனக்கிறது: ஒரு இனத்தின் கோயிலை இன்னொரு நாடு சிறையாக்கி, அந்த இனத்தின் அரசனை அங்கேயே நிறுத்திக் கொல்லப் பார்த்திருக்கிறது.

இனி ஊர். 2017-இன் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’. வரைபடத்தின் தென்மேற்கு மூலையில், பள்ளத்தாக்கைக் கடந்து மணலில் இறங்கினால் தொலைவில் மதில் தெரியும். இந்தத் தடவை நிஜமான கல் மதில், நிஜமான வாசல், ஈட்டிக் காவல். உள்ளே நிஜமான ஊர். கடைவீதியில் பழம், இறைச்சி, அம்பு, நகை. ஒரு வகுப்பறையில் வெளியூர் ஆண்களோடு எப்படிப் பழகுவது என்று பாடம். சிப்பாய்களின் பயிற்சித் திடல். ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு கவலை. 1998-இல் திருடர்கள் என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டவர்களுக்கு இப்போது மொழியே இருக்கிறது: ஆணுக்கு ‘வோ’, பெண்ணுக்கு ‘வை’, வந்தவரை வரவேற்க ‘வசாக்’, நன்றிக்கு ‘சர்க்சோ’. நாலு நாள் ஆடினால் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

ஊரின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. அரண்மனைக்கு மேலிருந்து நீர் விழுந்து, வாய்க்கால்களாகப் பிரிந்து, கூரைகளின் மேலும் மதிலை ஒட்டியும் ஓடுகிறது. தெருவில் நின்றால் தலைக்குமேல் தண்ணீர் சத்தம் கேட்கும். வெளியே பகலில் வெப்பம் உயிரைக் குடிக்கும், இரவில் குளிர் குடிக்கும், அதற்கு இரண்டு வகை உடுப்பு வேண்டும். ஊருக்குள் அந்தக் கவலை குறைவு. பாலைவன நகரம் எப்படி வாழ்கிறது என்று யோசித்து வடிவமைத்தவர்கள் செய்த வேலை இது. பனிக்கட்டிக்குக்கூடக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஊருக்கு வடக்கே ஒரு பனிக்கிடங்கு, மதுக்கடைக்காரிக்கு ஒரு கட்டி வேண்டும், அதை நாம் தூக்கிக்கொண்டு வெயிலில் உருகாமல் இடிந்த சுவர்களின் நிழல் நிழலாக ஒதுங்கி வர வேண்டும். வழியில் யாராவது வம்புக்கு வந்தால் கட்டியைக் கீழே வைக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. மூன்று தடவை உருகவிட்டேன். உலகத்தைக் காப்பாற்ற வந்த வீரன் நிழலுக்கு நிழல் ஓடுகிற அந்தக் காட்சியில்தான் இந்தப் பாலைவனத்தின் வெயில் எனக்கு உண்மையாகச் சுட்டது.

நுழைவுத் தகுதி இங்கே என்ன? ஆண்களுக்கு அனுமதி இல்லை. காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். எப்படியோ ஒரு ஆண் உள்ளே போய்விட்டு வந்தானாம் என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு காரா காரா சந்தைக்குப் போனால், ஒருவர் பெண் உடையில் நிற்கிறார். அவரிடம் 600 ரூபி (ஹைரூலின் காசு) கொடுத்து அதே மாதிரி உடை வாங்கி, முகத்தை மறைத்துக்கொண்டு, லிங்க் உள்ளே போகிறான். ஊருக்குள் உடையைக் கழற்றினால் அடுத்த நொடி வெளியே. 1998-இல் திறமையைக் காட்டி அட்டை வாங்கினோம், 2017-இல் வேடம் போட்டுப் போகிறோம். முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டாவதிலும் ஒரு நேர்மை இருக்கிறது: தலைவி ரிஜு, மெய்க்காவலாளி புலியாரா முன்னால் போய் நின்றதும் இவன் யார் என்று ரிஜு கண்டுபிடித்துவிடுகிறாள். சின்னப்பெண்தான், ஆனாலும் வெளியே தள்ளாமல், திருட்டுப்போன குலச்சொத்தை மீட்டு வா, பிறகு நம்புகிறேன் என்கிறாள். இடிதாங்கும் தலைக்கவசம் அது. மறுபடி அதே கேள்விதான், சிம்மாசனத்தில் உட்கார்ந்து கேட்கப்படுகிறது.

மதிலுக்கு வெளியே ஒரு ஆண் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருப்பான், உள்ளிருந்து யாராவது பெண் வந்து பேச மாட்டாளா என்று. அவனிடம் பெண் வேடத்தில் போய்ப் பேசிப் பாருங்கள். மணலில் புதையாமல் நடக்கும் காலணி கிடைப்பது அவனிடம்தான்.

கோயில்? அதுதான் இந்த விளையாட்டில் இல்லை. கிழக்கு இடிபாடுகளில் ஏழு வீராங்கனைகளின் சிலைகள் வட்டமாக நிற்கின்றன, மேலே மலைப்பகுதியில் எட்டாவதாக ஒரு சிலை தனியாக நிற்கிறது. பழைய சிறையின் பெயரில் ஒரு இடிபாடு மணலில் முக்கால்வாசி புதைந்து கிடக்கிறது. மணற்புயல் வீசும் பகுதிகளில் வரைபடம் வேலை செய்யாது, அது 1998-இன் கொடிப் பாதைக்கு வைத்த வணக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். பாலைவனத்தில் இடியைக் கொட்டிக்கொண்டு நடக்கும் ஒட்டக வடிவ இயந்திரத்தின் பெயர் வா நபோரிஸ். நபூருவின் பெயர் காதில் விழுகிறதா? அதை ஓட்டியவள் அர்போசா. கேனன் (கேனன்டார்ஃபின் பேய் வடிவம்) ஒரு காலத்தில் கெருடோவாகப் பிறந்தவன் என்பதைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு அவனை எதிர்த்தவள். ஆக, புனிதம் கட்டடத்தில் இல்லாமல் நினைவில் இருக்கிறது. ஊர் முழுசு, கோட்டை முழுசு, கோயில் சிதறல்.

2023, மே மாதம், ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’. நீங்கள் தேடும் இடம் இதுதான்.

பாலைவனத்தையே ஒரு மணற்புயல் மூடியிருக்கிறது. தடுமாறி ஊர் வாசலுக்கு வந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. கடைகள் மூடிக் கிடக்கின்றன. கெருடோக்கள் எல்லோரும் ஊருக்கு அடியில் இருக்கும் பழைய பதுங்கறைக்குள் இறங்கிவிட்டார்கள். மேலே கிப்டோ என்ற நடைப்பிணங்கள் அலைகின்றன. சாதாரண வாளால் அவற்றை வெட்டினால் தோல் விடாது. மின்னலோ நெருப்போ பட்டால்தான் நொறுங்கும். இந்தத் தடவை லிங்குக்குப் பெண் வேடம் தேவைப்படுவதில்லை. ரிஜு வளர்ந்திருக்கிறாள், வடக்கு இடிபாடுகளில் தனியாக நின்று மின்னலை இறக்கப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள், குறி தவறித் தவறி.

ஊர் அப்போதுதான் கோட்டையாகிறது. ஆறு வருடம் முன்னால் அழகுக்கு நின்ற மதிலுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. கடைவீதியில் தடுப்புகள், மாடியில் வில்லாளிகள், வாசலில் ஈட்டி வரிசை. பழம் வாங்கிய அதே தெருவில் நின்று சண்டை போடுகிறீர்கள். யாருடைய கடை எங்கே இருந்தது என்று தெரியும் என்பதால் ஒவ்வொரு அடியும் உறைக்கிறது. முந்தைய விளையாட்டை ஆடிவிட்டு வரச் சொல்வது இதற்காகத்தான்.

அதன்பின் பதுங்கறையின் அடியாழத்தில் உள்ள பழைய தடயங்களைப் படித்து, வெளிச்சத்தையும் ரிஜுவின் மின்னலையும் சேர்த்துப் பயன்படுத்தினால், பாலைவனத்திலிருந்து கோயில் எழுந்து வருகிறது. பிரமிடு வடிவ மின்னல் கோயில், மணலை உதறிக்கொண்டு. உள்ளே போனால் புதிர்கள் எதை வைத்து? கண்ணாடி. ஒரு துளை வழியாக விழும் வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, அடுத்த கண்ணாடிக்கு அனுப்பி, அடைபட்ட கதவைத் திறப்பது. இருபத்தைந்து வருடம் முன்னால் சிலையின் உள்ளங்கையில் எடுத்த கேடயத்தின் வேலையை இப்போது கோயிலே செய்கிறது. பழைய காலத்துக் காட்சிகளில் கெருடோ அரசன் கேனன்டார்ஃபும், அவன் பின்னால் கூமே, கோட்டாக்கே சாயலில் இரண்டு பேர் நிற்பதும் வருகிறது. ஆனால் இவர்கள் 1998-இல் பார்த்த அதே ஆட்களா, அதே பெயரில் வேறு காலத்தவர்களா என்பதில் ரசிகர்களுக்குள் சண்டை ஓயவில்லை. நான் அதில் இறங்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த விளையாட்டில் ஆவிக் கோயில் என்ற பெயரில் ஒன்று வரும். அது பாலைவனத்தில் இல்லை, நிலத்துக்கு அடியில் இருக்கும் ஆழத்தில் இருக்கிறது, அதன் கதையும் வேறு. பெயரைப் பார்த்துவிட்டு மணல் தெய்வத்தைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

ஒரே இடமா என்ற கேள்விக்கு வருகிறேன். நிலப்படத்தை ஒட்டிவைத்துப் பொருத்திப் பார்த்தால் வராது. ஒவ்வொரு விளையாட்டிலும் ஹைரூலையே புதிதாக வரைகிறார்கள், தூரமும் திசையும் கொஞ்சம் கொஞ்சம் நகரும். மேற்கில் இருந்தது தென்மேற்கு ஆனது அப்படித்தான். ஆனால் பள்ளத்தாக்கைத் தாண்டினால் மணல், மணலின் வாயிலில் காவல், காவலுக்குப் பின்னால் பாம்பு சுற்றிய தெய்வமோ வீராங்கனைகளோ, நடுவில் ஒரு கண்ணாடி என்ற வரிசை மாறவில்லை. ஊருக்கு இடமாற்றம் வந்தாலும் குலதெய்வம் மாறாத குடும்பம் போல.

எதை ஆடுவது என்றால், நேரம் இருந்தால் 1998-இன் விளையாட்டு முதலில். படம் பழசாக இருக்கிறது என்று தள்ள வேண்டாம், மணற்புயலில் நாலடிதான் தெரியும் என்பதால் அங்கே படம் பழசானதே தெரியாது. பிறகு 2017, அப்புறம் 2023. கடைசி இரண்டையும் இடைவெளி விட்டு ஆடுங்கள், ஊரின் தெருக்கள் கொஞ்சம் மறந்து போகும் அளவுக்கு. நேரமே இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் 2023 மட்டும் போதும். ஆனால் பாலைவனத்துக்குக் கடைசியில் போங்கள். மற்ற கோயில்களை முடித்துவிட்டு வந்தால் அந்த மூடிக்கிடக்கும் கடைவீதி முகத்தில் அறையும். போகும்போது புயலில் வரைபடத்தைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். காற்று கொஞ்சம் ஓயும் இடைவெளியில் தூரத்தில் ஏதாவது ஒரு கல்லின் விளிம்பு தெரியும். அதைக் குறிவைத்து நடங்கள்.